யாருக்கென்று தெரியாத சால்வை

எங்கள் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் எப்போதும் ஏழெட்டுப் பொன்னாடைகள் இருக்கும். அப்பா தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. அதோடு நான் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குச் செயலாளர். பள்ளியில் எந்த விழா நடந்தாலும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஏற்பாடு செய்வது அவர் பொறுப்பு. அவருக்கும் அவ்வப்போது யாராவது போர்த்திவிடுவார்கள். அதனால் வீட்டை விட்டுப் போகிற பொன்னாடையும் வீட்டுக்கு வருகிற பொன்னாடையும் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. ஜரிகைக் கரை போட்ட ஊதாப் பொன்னாடை ஒன்று எங்கள் வீட்டிலிருந்து கோவில் திருவிழாவுக்குப் போய், அங்கிருந்து இளைஞர் மன்றத்துக்குப் போய், ஒரு வருடம் கழித்து அப்பாவின் தோளிலேயே திரும்பி வந்தது. ஓரத்தில் இருந்த மஞ்சள் கறையை வைத்து அம்மா அதை அடையாளம் கண்டுபிடித்தார். “வந்துட்டாரு பாரு மாப்பிள்ளை, மறுவீட்டுக்கு” என்றார்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. சால்வை என்பது ஒருவர் குளிருக்குப் போர்த்திக்கொள்கிற துணி என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. ஒருவர் தோளில் போட வேண்டும், கை தட்ட வேண்டும், படம் எடுக்க வேண்டும், மடித்து வைத்து அடுத்த விழாவில் இன்னொருவருக்குப் போட வேண்டும். சால்வைக்கு அதற்கு மேல் வேலை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தார். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அதன் பின்னறை அத்தையினுடையது. ரவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதிகாலையில் தொழிற்சாலை பஸ் முச்சந்திக்கு வரும். ஒன்றேகால் மணி நேரப் பயணம். அந்த பஸ்ஸின் ஏர்கோன் குளிரைக் குறைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று டிரைவர் சொல்லிவிட்டார். தொழிற்சாலைக்குள்ளும் அதே குளிர்தான். வெளியில் சுண்ணாம்புக் காளவாய் போலக் கொதிக்கிற ஊரில் அத்தை மட்டும் வருடம் முழுவதும் சளி பிடித்துத் திரிந்தார்.

அத்தைக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. தன் உடைகளைத் தானே தைத்துக்கொள்வார். தீபாவளிக்கு அப்பா ஒரே துணியை மொத்தமாக வாங்கி வந்து, எல்லோருக்கும் அதிலேயே தைக்கக் கொடுப்பார். தீபாவளிப் படங்களில் நாங்கள் ஒரே சோபாவின் மெத்தைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருப்போம். அத்தை மட்டும் தன் பங்குத் துணியை வாங்கிக்கொண்டு போய் வேறு மாதிரி வெட்டிவிடுவார். அவருடைய பஞ்சாபி உடையில் இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட் இருக்கும். “பொம்பளைக்கு எதுக்குடி பாக்கெட்டு?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, “சாவி வைக்க” என்றார். அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் இல்லாததால் அக்காவுக்கு ரொம்ப நாள் வருத்தம்.

பின்னலை அவர் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டார். கம்பளி நூல் விலை அதிகம் என்பதால் பண்டல் கடைக்குப் போவார். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கிற கடை அது. மலேசியாவில் யாரும் சீண்டாத தடித்த ஸ்வெட்டர்கள் அங்கே ஒரு மூலையில் கிடக்கும். அவற்றை வாங்கி வந்து துவைத்து, தையலைப் பிரித்து, நூலை உருவுவார். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்க, நூல் என் கைகளைச் சுற்றிச் சுற்றி வரும். யாரோ ஒரு கொரியச் சிறுவனின் பச்சை, யாரோ ஒரு தாத்தாவின் சாம்பல், ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் கருநீலம். மூக்கு நுனியில் அரிப்பெடுத்தாலும் சொறிய முடியாது என்பதைத் தவிர எனக்கு அந்த வேலையில் குறை இல்லை.

அப்படிச் சேர்த்த நூலில் ஒரு சால்வை பின்ன ஆரம்பித்தார். சின்னச் சின்ன உருண்டைகளாக ஏழெட்டு நிறங்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார். பஸ்ஸில்தான் பின்னுவார். ஒரு நாளைக்கு இரண்டு வரிசை, அதற்கு மேல் இல்லை. அந்த வரிசைகளில் எனக்கு எந்த ஒழுங்கும் தெரியவில்லை. பச்சையாகவே போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு ஆரஞ்சுக் கோடு வரும், பிறகு பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு அழுக்கு மஞ்சள், நடுவில் ஒரு வெள்ளை. அம்மா அதை விரித்துப் பார்த்துவிட்டு, “ஏதாவது ஒரு பூ, ஒரு மயிலு போடக் கூடாதா? கோடு போட்ட நோட்டுப் புத்தகமாட்டம் இருக்கு” என்றார். அத்தை சிரித்துக்கொண்டே மடித்து எடுத்துக்கொண்டார்.

எல்லோருடைய கேள்வியும் ஒன்றுதான். யாருக்கு?

“எனக்குத்தான்” என்றார் அத்தை. கேட்டவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மாரியம்மனுக்கு ஏதாவது வேண்டுதலாக இருக்கும் என்றார் அப்பா. “அம்மனுக்குக் குளிருதுன்னு உங்க தங்கச்சிகிட்ட வந்து சொன்னாளா?” என்றார் அம்மா. அவர் கணக்கில் ரவாங்கில் யாரோ ஒரு சூப்பர்வைசர் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் ஒரு படி மேலே போனார். “கேமரன் மலை மாப்பிள்ளைலா அது. இல்லாட்டி இவ்வளவு கம்பளி எதுக்கு?” என்றார். எனக்கு அந்த ஊகம்தான் பிடித்திருந்தது. கேமரன் மலையில் ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு நடுவில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடுங்கும் ஒரு மாமாவை நான் மனதுக்குள் வைத்திருந்தேன். ஆனால் மாதங்கள் போனதே தவிர அவர் வரவில்லை. ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன். “ஆளு இன்னும் அமையலன்னுதான் எனக்கு எனக்குன்னு சொல்றா. வேற என்ன சொல்லுவா பாவம்?” என்றார் அம்மா. ஆக, அது இன்னும் யாருக்கும் ஆகாத சால்வை என்று நான் புரிந்துகொண்டேன். இதுதான் பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம்.

எட்டு மாதம் கழித்துச் சால்வை முடிந்தது. அத்தை அதை மென்மையாக அலசி, துண்டின்மேல் தட்டையாக விரித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினார். சனிக்கிழமை காலை மடித்துக் கட்டிலின்மேல் வைத்துவிட்டு ஓவர்டைம் வேலைக்குப் போனார். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு அதைப் போட்டுக்கொண்டு போவதாக இருந்தாராம். இது பிறகு தெரிந்தது.

அதே சனிக்கிழமை பள்ளியில் பரிசளிப்பு விழா. எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு வேலியும்தான். ஒய்பி என்று எல்லோரும் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் வந்திருந்தார். மண்டபத்துக்கு எட்டுக் கூரைக் காற்றாடிகள் வாங்கிக் கொடுத்திருந்த பாசிர் பெனம்பாங் ஊர் மீன் வியாபாரியும் வந்திருந்தார். அவர் மட்டும் வருவார் என்று அப்பா நினைத்திருந்தார். அவரோடு அவருடைய அம்மாவும் வந்துவிட்டார். அறுபது வயதைத் தாண்டிய சீன அம்மா. கடையின் உண்மையான முதலாளி, தவுக்கே, அவர்தான் என்று யாரோ அப்பாவின் காதில் சொன்னார்கள். முன்வரிசையில் ஏழு விருந்தினர்கள். அப்பா கொண்டுவந்திருந்தது ஆறு பொன்னாடை.

அப்பா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். “ஓடு. அலமாரியில ஒண்ணு எடுத்துட்டு வா. ஊதாவ மட்டும் கொண்டாந்திராத” என்றார்.

ஓடினேன். அலமாரியின் கீழ்த்தட்டில் ஊதா மட்டும்தான் இருந்தது. மற்றதெல்லாம் போன வாரக் கோவில் விழாவுக்குப் போய்விட்டிருந்தன. அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவர் பள்ளிக் கேண்டீனில் மீகூன் சேமியா பிரட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் இங்கும் அங்கும் பார்த்தேன். பின்னறைக் கட்டிலில் அது இருந்தது, மடித்து, விழாவுக்கென்றே தயார் செய்து வைத்ததைப் போல. எனக்கு மனம் துள்ளியது. அத்தைக்கு எட்டு மாதமாகக் கிடைக்காத ஆள் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் மைக் வைத்து, கைதட்டலோடு. சாயங்காலம் அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றே நினைத்தேன்.

அப்பா மைக்கில் பேசிக்கொண்டிருந்ததால் நான் தட்டில் வைத்ததைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர் அதை எடுத்து விரித்தபோதுதான் பார்த்தார். “அடுத்ததாக, நமது மண்டபத்துக்குக் காற்று தந்தவரின் அன்னை...” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். பிறகு இரண்டு முறை இருமிவிட்டு மீதியைச் சொல்லி முடித்தார்.

ஒய்பி தன் பொன்னாடையை அரை நிமிடத்தில் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் மடியில் வைத்துக்கொண்டார்கள். அந்தச் சீன அம்மா மட்டும் நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் சால்வையின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனார். விழா முடிகிறவரை அவர் அதைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. எடுக்காமலே காரில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் அத்தை வேலை முடிந்து வந்தார். குளித்துவிட்டுப் பின்னறைக்குப் போனவர் உடனே வெளியே வந்தார். “அண்ணி, கட்டில்ல இருந்த என் சால்வைய எங்கியாச்சும் எடுத்து வச்சீங்களா?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நல்ல செய்தியைச் சொல்லும் பொறுப்பை எனக்கு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, “மீன் கடை தவுக்கே அம்மாவுக்குப் போட்டாச்சு அத்தை. எல்லாரும் கை தட்டுனாங்க” என்றேன்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்பார்த்த கட்டிப்பிடித்தல் நடக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

“சின்னப் பிள்ள, தெரியாம செஞ்சிருச்சு” என்றார் அப்பா. “நூலு நான் வாங்கித் தர்றேன்மா. வேற ஒண்ணு பின்னிக்கலாம்லா.”

“நூலு கிடைக்கும் அண்ணே. அந்த எட்டு மாசத்த எந்தக் கடையில வாங்கித் தருவீங்க?”

“அதுக்காக? சபையில போட்டாச்சு. போர்த்துனதத் திரும்பக் கேக்க முடியுமா? ஊரு சிரிக்கும். அடுத்த வருசம் அந்த அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவச்சுப் படுப்பாங்களா?”

“நீங்க கேக்க வேணாம்ணே. நான் கேக்குறேன்.”

அப்பா அன்று சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். தன் காலத்தில் ஒரு பொன்னாடையாவது திரும்பக் கேட்கப்பட்டதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா நடுவில் புகுந்து, வேண்டுமானால் ஒரு நல்ல சேலை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். கோபத்தில் அத்தை சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய உடைக்கு இஸ்திரி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எடுத்தது யார் என்று காட்டுவதற்கு நானும் வர வேண்டும் என்றார். அவர் போட்டிருந்தது அந்தப் பாக்கெட் வைத்த தீபாவளி உடை. மடியில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கோலசிலாங்கூரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து பாசிர் பெனம்பாங்கில் இறங்கினோம். நான் வழிநெடுக மன்னிப்பு வாசகம் ஒன்றை மலாயில் தயார் செய்துகொண்டே போனேன்.

கடை ஆற்றங்கரையில் இருந்தது. கூடை கூடையாக நண்டு. ஈரத் தரை. உள்ளே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் அறைக் கதவைத் திறந்துகொண்டு அந்த அம்மா ரப்பர் பூட்ஸோடு வெளியே வந்தார். தோளில் அத்தையின் சால்வை. நுனிகளை இழுத்து மார்பின்மேல் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். முதல்முறையாக அதை ஒருவர் குளிருக்குப் போட்டிருந்ததைப் பார்த்தேன்.

அத்தை அவர் முன்னால் போய் நின்றார். “ஆண்டி, இத்து சாயா புஞா” என்றார். அது என்னுடையது என்று. பிறகு மலாயிலேயே நடந்ததைச் சொன்னார். பொன்னாடை குறைந்தது, பிள்ளை ஓடிவந்து எடுத்தது, தான் வேலைக்குப் போயிருந்தது. திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்று தனக்குத் தெரியும் என்றும், ஆனாலும் வேண்டும் என்றும் சொன்னார். என் மன்னிப்பு வாசகம் எனக்கு மறந்துபோனது.

அந்த அம்மா கோபப்படவில்லை. முடிச்சை அவிழ்த்து, சால்வையை மேசைமேல் விரித்தார். ஆரஞ்சுக் கோட்டின்மேல் விரலை வைத்து, இது ஏன் இப்படி என்று கேட்டார்.

எட்டு மாதத்தில் அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்கவில்லை. அத்தை சொன்னார். பஸ்ஸில் போகும்போது ரவாங்கை நெருங்குகையில்தான் விடியும். வெளிச்சம் வந்ததும் ஜன்னலில் முதலில் எந்த நிறம் கண்ணில் படுகிறதோ, அன்றைக்கு அந்த நிறத்தில் இரண்டு வரிசை. பச்சையெல்லாம் செம்பனை மரம். ஆரஞ்சு, சாலையில் ஒரு லோரி குப்புறக் கவிழ்ந்து பஸ் இரண்டு மணி நேரம் நின்ற நாள். லோரி நிறைய ஆரஞ்சு இல்லை, லோரிதான் ஆரஞ்சு. அழுக்கு மஞ்சள், புகைமூட்டம் வந்த ஒரு வாரம். வெள்ளை, ஒன்றுமே தெரியாமல் மழை பெய்த நாள். ரோஜா நிறத்தில் ஒரே ஒரு இடம் இருந்தது. பஸ் நிற்குமிடத்தில் தனியாக நின்று சத்தமாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெண்ணின் பாஜு கூரோங் உடை அது என்றார். அந்தப் பெண்ணை நினைத்து அத்தை சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தார்.

“யாருக்குப் பின்னினாய்?” என்று அவரும் கேட்டார்.

“எனக்கு.”

அந்த அம்மா தலையை ஆட்டினார். மறுபடி கேட்கவில்லை. சால்வையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைத் தடவிக் காட்டினார். “அதானே பார்த்தேன். அடுத்தவங்களுக்குன்னா பின்பக்கம் இவ்வளவு சுத்தமாக இருக்காது” என்றார் மலாயில். மடித்து இரண்டு கையாலும் அத்தையிடம் நீட்டினார்.

அத்தை என் கையிலிருந்த பையை வாங்கினார். உள்ளே ஊதாப் பொன்னாடை இருந்தது. வெறும் தோளாக விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று கொண்டுவந்திருக்கிறார். நண்டுக் கூடைகளுக்கு நடுவில் நின்று, முறைப்படி விரித்து, அந்த அம்மாவுக்குப் போர்த்திவிட்டார். பழக்கதோஷத்தில் நான் கை தட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்த வேலையாட்களும் ஈரக் கையோடு தட்டினார்கள். மஞ்சள் கறை வெளியில் தெரியாதபடி அத்தை அந்த ஓரத்தை உள்ளே மடித்துவிட்டதை நான் மட்டும் பார்த்தேன். பதிலுக்கு அந்த அம்மா ஒரு பை நிறைய கெராங் கொடுத்தனுப்பினார். அந்தச் சிப்பிப் பையைப் பார்த்த பிறகுதான் அப்பாவுக்கு மூச்சு வந்தது. கோபித்துக்கொண்டவர்கள் கெராங் கொடுக்க மாட்டார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஊதாப் பொன்னாடை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

திரும்பி வரும்போது அத்தை சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் மோட்டார் ஓட்டினார். மணி பதினொன்று. பாலத்தின்மேல் வெயில் நெருப்பாகக் கொட்டியது. அவர் கழுத்தில் வேர்வை வழிந்து சால்வைக்குள் இறங்கியது. கம்பளியில் மீன் வாடை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இப்ப இத யாருக்குக் கொடுப்பீங்க அத்தை?” என்று கேட்டேன். முன்னால் கண்ணாடியில் அவர் சிரிப்பது தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் அத்தை அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார். அதற்குரிய ஆள் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கிறார், இவ்வளவு பாடுபட்டு மீட்டது அந்த ஆளுக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். அடுத்த மூன்று தீபாவளிக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் பார்த்தது அவர்கள் தோளைத்தான். இவருக்கு அகலம் போதுமா, அவருக்கு நீளம் சரியாக வருமா என்று வாசலிலேயே ஒவ்வொருவராக அளந்துகொண்டிருந்தேன். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் பெரும்பாலும் அத்தைதான். அவர் தோளை மட்டும் நான் அளந்து பார்க்கவே இல்லை.